இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை: வந்து இறங்கியதும் எதை முதலில் முடிப்பது

செப்டம்பரில் வந்து இறங்கும் ஓராண்டு முதுகலை மாணவருக்கு நேரம் மிகக் குறைவு. மொத்தம் 180 கிரெடிட். பெரும்பாலான படிப்புகளில் அதில் 60 ஆய்வேட்டுக்கே போய்விடும். மீதி 120-ஐப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஓடும் இரண்டு பருவங்களில் முடித்தாக வேண்டும். வீடு, வங்கி, மருத்துவர் என்று அலைவதை அக்டோபர் கடைசி வரை இழுத்தால் முதல் அசைன்மென்ட் கழுத்தை நெரிக்கும். இந்த வேலைகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. முகவரி இல்லாமல் பல்கலைக்கழகக் கடிதம் பயன்படாது, கடிதம் இல்லாமல் பல வங்கிகள் கணக்குத் திறக்காது, கணக்கு இல்லாமல் சம்பளம் வராது.

முதல் வேலையை ஊரிலேயே முடித்துவிடலாம். சீனியர்கள் சிலர் இன்னும் பிஆர்பி என்ற குடியிருப்பு அனுமதி அட்டை வாங்கு, காவல் நிலையத்தில் பதிவு செய் என்பார்கள். அட்டையின் காலம் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. காவல் பதிவை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் இணையத்தில் மட்டுமே இருக்கும் இ-விசாதான். விமானம் ஏறுமுன் யுகேவிஐ (விசா தரும் அரசுத் துறை) கணக்கைத் திறந்து பெயர், பாஸ்போர்ட் எண், விசா தேதிகள், வேலை நிபந்தனை நான்கையும் சரிபாருங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கும். பல்கலைக்கழகம் அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்திருக்கும். மூன்று இடத்தில் மூன்று பெயர் என்றால் வங்கியின் தானியங்கிச் சோதனை நிராகரித்துவிடலாம். பாஸ்போர்ட்டிலும் இ-விசாவிலும் உள்ள வடிவத்தையே பல்கலைக்கழகப் பதிவிலும் போடச் சொல்லி, சேர்க்கை முடியும் முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

விசாவைக் காட்ட வேண்டிய இடங்களில் ஷேர் கோட் (உங்கள் இ-விசாவை அவர்கள் இணையத்தில் பார்க்க நீங்கள் எடுத்துத் தரும் குறியீடு) கேட்பார்கள். அது 90 நாள் செல்லும். வேலைக்கு எடுக்கும் கோட் டபிள்யூ எழுத்தில் தொடங்கும், வீட்டுக்கானது ஆர், மற்றவற்றுக்கு எஸ். வேலை தருபவருக்கு ஆர் கோட் அனுப்பிவிட்டு, திறக்கவில்லை என்று அவர் சொல்ல, விசாவில்தான் கோளாறோ என்று பதறுபவர்கள் நிறைய. கோட்டின் முதல் எழுத்தைப் பார்த்தால் போதும்.

பெட்டியில் நெய், பால்கோவா, பனீர், கருவாட்டோடு சேர்த்துக் கட்டும் இறைச்சி வறுவல் எதுவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பாலும் இறைச்சியும் எந்த வடிவிலும் கொண்டுவரத் தடை. பல் வலி இருந்தால் ஊரிலேயே பார்த்துக்கொண்டு வாருங்கள். இங்கே பல் மருத்துவம் இலவசமில்லை, என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) பல் மருத்துவரிடம் இடம் கிடைப்பதும் அரிது.

வந்த வாரத்தில் பல்கலைக்கழகத்தில் மாணவர் அட்டையோடு இரண்டு கடிதங்கள் கேட்டு வாங்குங்கள். ஒன்று வங்கிக் கடிதம். அதில் இங்கிலாந்து முகவரியும் ஊர் முகவரியும் இரண்டும் இருக்க வேண்டும். எந்த வங்கி என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. பெரிய வங்கிக் கிளைகளில் செப்டம்பரில் நாள் கிடைக்கவே வாரங்கள் ஆகும். அதுவரை மான்சோ, ஸ்டார்லிங் போன்ற செயலி வங்கிகளில் முயன்று பாருங்கள். இரண்டாவது, கவுன்சில் வரி (உள்ளாட்சி வசூலிக்கும் வீட்டு வரி) விலக்குச் சான்று. முழுநேர மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்குக் கவுன்சில் வரி கிடையாது. ஆனால் தானாக விலகாது. உள்ளூர் கவுன்சிலுக்குச் சான்றை அனுப்ப வேண்டும். வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவர் சேர்ந்தாலே கணக்கு மாறிவிடும்: அப்போது 25 விழுக்காடு தள்ளுபடிதான், மீதிக்கு பில் வரும். படிப்பு முடிந்த நண்பரை வீட்டில் சேர்க்குமுன் இதைப் பேசிவிடுங்கள்.

விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். அதன் பலன் கிடைக்க, வீட்டுப் பக்கத்து ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பெயர் பதிய வேண்டும். பதிவு இலவசம், முகவரிச் சான்று இல்லை என்று மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. காய்ச்சல் வந்தபின் பதியப் போனால் அன்று பார்க்க மாட்டார்கள், ஆகவே நலமாக இருக்கும்போதே போங்கள். தொண்டை வலி, சைனஸ் போன்ற சிலவற்றுக்கு மருந்துக் கடைக்காரரே பார்த்து மருந்து தருகிறார். உயிர் ஆபத்தில்லை, ஆனால் காத்திருக்கவும் முடியாது என்றால் 111, உயிர் ஆபத்துக்கு 999.

வீட்டுக்கு வருவோம். பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் இன்னும் ஊரில் இருந்தால் நம்பகமான ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையேல் முதல் ஆண்டு பல்கலைக்கழக விடுதியே பாதுகாப்பு. தனியார் வீட்டில் இடத்தைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் வீட்டுக்காரர் வைத்து, உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒன்று கவனம்: வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் நீங்கள் ‘லாட்ஜர்’, முன்பணத்தைத் திட்டத்தில் வைக்கும் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தாது. சாவி வாங்கிய அன்றே சுவர்க்கறை, மெத்தை, அடுப்பு, குளியலறை ஓரங்களைப் படமெடுத்து அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வெளியேறும்போது முன்பணம் திரும்புவதற்கு அந்தத் தேதி போட்ட மின்னஞ்சல்தான் துணை.

சமையலறையில் நம்மவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது மாட்டுவது தாளிப்பில். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வற்றல் மிளகாய் கருகும் அந்த அரை நிமிடப் புகை போதும். விடுதிச் சமையலறைக் கூரையில் பெரும்பாலும் இருப்பது வெப்பத்தை உணரும் கருவி, அது சாதாரணப் புகைக்கு அலறாது. புகையை உணரும் கருவி நடைபாதையில் இருக்கும். நெடி தாங்காமல் கதவைத் திறந்துவைக்கிறோம், புகை நடைபாதைக்குப் போகிறது, கட்டடம் முழுக்க மணி அடித்து இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் தெருவில் நிற்கிறார்கள். கதவைச் சாத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், அடுப்பு வைக்குமுன்பே புகைவிசிறியைப் போடுங்கள், மிளகாயைக் கடைசியில் போட்டு உடனே இறக்குங்கள். கருவியை பிளாஸ்டிக் பையால் மூடுவது கூடவே கூடாது. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், உண்மையிலேயே தீப்பிடித்தால் எழுப்ப ஆளிருக்காது. குக்கர் கொண்டுவருவதானால் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது.

படிப்பில் பெரிய அதிர்ச்சி மதிப்பெண். எண்பத்தைந்து வாங்கியே பழகியவர் முதல் கட்டுரைக்கு 58 பார்த்ததும் உடைந்துபோகிறார். இங்கே முதுகலையில் பொதுவாக 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். எண்பதுக்கு மேல் அபூர்வம். 58 என்பது தோல்வியல்ல, மெரிட்டுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு, அவ்வளவுதான். அந்த இரண்டு எங்கே போயின என்பது ஆசிரியரின் குறிப்பில் இருக்கும். பெரும்பாலும் ஒரே காரணம்: படித்ததை ஒழுங்காக எழுதியிருப்போம், எடைபோட்டிருக்க மாட்டோம். ஒரு ஆய்வாளர் இப்படிச் சொல்கிறார், இன்னொருவர் அப்படிச் சொல்கிறார் என்பதோடு நிறுத்தாமல், எவர் சான்று வலுவானது, ஏன் என்று உங்கள் குரலில் சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ளதை மறுப்பது நமக்குப் பழக்கமில்லை. இங்கே மதிப்பெண்ணே அதற்குத்தான்.

கருத்துத் திருட்டு விதிகளில் நம்மவர்கள் சிக்குவது பெரும்பாலும் நட்பால். நண்பன் மாதிரிக்குக் கேட்டான் என்று முடித்த அசைன்மென்ட்டை அனுப்புகிறார்கள். அவன் இரண்டு பத்தியை அப்படியே வைத்தால் டர்னிட்டின் (ஒப்புமை கண்டுபிடிக்கும் மென்பொருள்) இரண்டையும் காட்டிவிடும், கொடுத்தவர் மேலும் விசாரணை வரும். பேசி விளங்க வையுங்கள், கோப்பைக் கொடுக்காதீர்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது முதலில் நாக்கில் வராது. அவர்களே அப்படித்தான் கையெழுத்திடுகிறார்கள், அதையே எழுதுங்கள்.

வேலை: பட்டப்படிப்பு, முதுகலை மாணவருக்குப் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி எடுக்க முடியாது. ஒரு வாரம் 24, அடுத்த வாரம் 16 என்றால் முதல் வாரம் விதிமீறல். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். சுயதொழில் கூடாது, உணவு டெலிவரி செயலிகளில் ஓட்டுவது சுயதொழில் கணக்கில் வரும், நண்பர் கணக்கில் ஓட்டினால் இன்னும் மோசம். பலர் அறியாதது கோடைக்காலம். இளங்கலைக்காரர்களுக்கு அது விடுமுறை, முழுநேரம் உழைக்கலாம். முதுகலைக்காரர் அப்போது ஆய்வேடு எழுதுகிறார். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது பருவ நாள்தான், 20 மணி வரம்பு அப்படியே நிற்கும். உங்கள் படிப்பின் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போகும். டிசம்பரில் மான்செஸ்டரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நமது நிறத் தோலுக்கு இங்கே ஆண்டு முழுவதுமே தினம் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுக்க என்ஹெச்எஸ் பரிந்துரைக்கிறது, விலை அதிகமில்லை. மனம் தளர்ந்து வகுப்புக்கே போக முடியாத நிலை வந்தால், பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவுக்கும் பெர்சனல் டியூட்டருக்கும் (உங்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆசிரியர்) அன்றே எழுதுங்கள். சமர்ப்பிக்கும் தேதிக்கு முன்பே கேட்டால் கூடுதல் நாள் கிடைக்க வழியுண்டு. தேதி கடந்தபின் போனால் ஏன் முன்பே சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துச் சான்று கேட்பார்கள்.