நோட்டில் நான் எழுதிய வரி

"மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை." அந்த அம்மாவின் நோட்டில் நான் எழுதிய வரி இது. பொய் இல்லை. அவர் சாப்பிட்டது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு ஐ.என்.ஆர். அன்றைக்கு அவருக்கு அது 1.3. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். குறைந்தால் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து மூளைக்கு ஓடும். கூடினால் எங்காவது கசியும்.

கேட்டபோது அவர் மறைக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த அரை மாத்திரைகளைக் காட்டினார். நகத்தால் கிள்ளி உடைத்தவை, ஓரமெல்லாம் பொடிந்திருந்தன. ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. "மாத்திரை இலவசம். ரத்தப் பரிசோதனை இலவசம். 2021 முதல் டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. மாதம் ஒருமுறை வந்து போக என்னம்மா கஷ்டம்?"

"எல்லாம் சும்மாதான் தருகிறீர்கள், டாக்டரம்மா. இங்கே வந்தால் அன்றைய சித்தாள் கூலி போய்விடும். இரண்டு தடவை வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்கிறார்."

வெளியே வரிசை நீண்டிருந்தது. பதில் சொல்லாமல் அந்த வரியை எழுதினேன். அதன்பின் அவர் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து, வலது கை விழுந்து, பேச்சு போய், அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் நோட்டைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்து மகனிடம் சொன்னார்: "ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறதே, தம்பி." பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்தேன்.

வேறு என்ன செய்திருக்க முடியும்? மாதாமாதம் ரத்தம் பார்க்கத் தேவையில்லாத மாத்திரைகள் வந்துவிட்டன. வயதான காலத்தில் வரும் சீரற்ற துடிப்புக்கு நாங்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் எழுதுகிறோம். இவருக்கோ சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருந்தது. கவனிக்காமல் விட்ட தொண்டைத் தொற்றிலிருந்து வருவது அந்தக் காய்ச்சல். தொண்டை வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத, நெரிசலான வீடுகளின் நோய் அது. 24 நாடுகளில் இத்தகைய நோயாளிகளிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானது. புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்சபானைவிட, இவருக்கு நான் கொடுத்த பழைய வகை மருந்து சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவு. மருந்தைத் தேர்ந்ததில் நான் தவறவில்லை. ஆனால் அடிக்கடி வந்து ரத்தம் கொடுத்தாக வேண்டிய அந்த மருந்து, ஒருநாள் கூலியை விட முடியாதவர்களுக்கே வாய்த்திருக்கிறது. இதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்திருக்கலாமோ? ரத்தம் பார்க்காமல் கொடுத்து, மூளையில் கசிந்திருந்தால்? ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுக்க முடியுமா என்று ஆய்வகத்தில் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேரைப் பார்க்கிறவளுக்கு எப்படித் தோன்றும் என்று சில இரவுகளில் என்னையே தேற்றிக்கொள்கிறேன். அந்தப் பையனின் குனிந்த தலை நினைவுக்கு வந்ததும் அந்தச் சமாதானம் நிற்பதில்லை. நான் எழுதியதில் மேஸ்திரி இல்லை, கூலி இல்லை. தாய் செய்த தப்பு மட்டும்தான் இருந்தது.

இப்போதெல்லாம், "கூலி போகும் என்பதால் வர இயலவில்லை" என்று எழுதுகிறேன். அதற்குக் கீழே, மருந்தளவு எழுதும் இடத்தில், அதே மாத்திரை, அடுத்த மாதத் தேதி.