பக்கத்தின் ஓரத்தில் ஒரு மறுப்பு

மட்டக்களப்பில் அச்சகத்தில் வேலை செய்பவனுக்கு எல்லாச் சமயத்தாரும் வாடிக்கையாளர்கள். காலையில் கோயில் திருவிழா நோட்டீஸ், மதியம் திருமண அழைப்பிதழ், மாலையில் மரண அறிவித்தல். புளியந்தீவில் நான் பக்க வடிவமைப்பும் பிழைதிருத்தமும் பார்க்கும் அச்சகக் கணினியில், கிறிஸ்தவ மரண அறிவித்தலுக்கென்று ஒரு கோப்பு தயாராகவே இருக்கும். மேலே சிலுவை, கீழே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. பெயர், திகதி, படம் மாற்றினால் வேலை முடிந்தது.

2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, அந்தக் கோப்பைத் திறக்கவே கை கூசியது. இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். எந்த வீட்டுக்குப் போனாலும் ‘ஆண்டவருடைய சித்தம்’ என்ற ஒரே பேச்சு. ஆறுதலுக்காகச் சொன்னதில் குறை காண மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மேலே கேட்டால் விசுவாசக் குறைவு என்கிறார்கள். நான் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவன். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவன். கோபத்தில் சபையை விட்டேன் என்று ஊரார் நினைக்கிறார்கள். கோபமாக இருந்திருந்தால் எப்போதோ ஆறியிருக்கும்.

யூத சிந்தனைக்குள் என்னை இழுத்துப்போனது தொழிற்புத்தி. யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தல்மூத் நூலின் பக்கம் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். நடுவில் மூலம். ஒரு பக்கம் பதினோராம் நூற்றாண்டு ராஷியின் உரை. மறுபக்கம் தோசஃபோத்; ராஷியின் பேரன்மாரும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுதியது, பல இடங்களில் தாத்தாவையே மறுத்து. பரிமேலழகரோடு குறள் படித்த நமக்கு மூலமும் உரையும் புதிதல்ல. பரிமேலழகரை மறுப்பவருக்கும் அதே பக்கத்தில் சரிபாதி இடம் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். கணினி வைத்திருக்கும் எனக்கே மலைப்பாக இருக்கிறது. அவர்கள் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்தார்கள். பாபிலோனிய தல்மூத் எனப்படும் இந்த நூலை முதன்முதலில் முழுமையாக அச்சிட்டவர் டானியேல் பொம்பர்க், வெனிஸில், 1520 முதல் 1523 வரை. அவர் ஒரு கிறிஸ்தவர். இன்றைக்கும் பக்க எண் அவர் வைத்ததே. அதே நூலை 1553இல் ரோமில் திருச்சபையின் கட்டளைப்படி தீயிலிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளே ஒரு கதை. ஓர் அடுப்பு சுத்தமா தீட்டா என்று அறிஞர்களுக்குள் வழக்கு. எலியேசர் என்பவர் தனித்து நிற்கிறார். தன் பக்கம் நியாயம் இருந்தால் இந்த மரம் சாட்சி சொல்லட்டும் என்கிறார். மரம் வேரோடு பெயர்ந்து நகர்கிறது. வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது. கடைசியில் வானத்திலிருந்தே குரல், எலியேசர் சொன்னதே சரி என்று. யோசுவா என்ற அறிஞர் எழுந்து, ‘அது வானத்தில் இல்லை’ என்று உபாகமத்தைக் காட்டிக் கடவுளுக்கே பதில் சொல்கிறார். கடவுள் சிரித்து, என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்றாராம். தோற்ற எலியேசரை அந்த அறிஞர்கள் விலக்கி வைத்தார்கள்; அது நல்ல செயலாக எனக்குப் படவில்லை. ஆனாலும் அவர் கருத்தை நூலிலிருந்து எடுத்துவிடவில்லை. பிழைதிருத்துபவனாகச் சொல்கிறேன், வெட்டுவது எளிது.

நான் யூதனாகிவிடவில்லை. சேர வருபவரை உடனே அணைத்துக்கொள்ளாமல் தயங்கவைப்பதே ரபிகள் எனப்படும் யூத மதகுருக்களின் மரபு. இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் கூட வேண்டும். இந்த ஊரில் நான் ஒருவனே, அதுவும் கணக்கில் வராதவன். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையை ஆசரிக்கலாமென்றால், ஞாயிறு ஆராதனைத் தாள்கள் அன்றைக்குத்தான் அச்சேறும். அந்தத் தாளின் விசுவாசப் பிரமாணத்தை இப்போதும் நானே பிழைதிருத்துகிறேன். வாய்விட்டுச் சொல்வது மட்டும் இல்லை. ‘இயேசப்பாவை விட்டுவிட்டாயா மகன்?’ என்று அம்மா கேட்கும்போது, அவரும் யூதர்தானே அம்மா என்று தப்பிப்பேன். அம்மாவுக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

முதலாளி ஆரையம்பதிக்காரர், மாமாங்கேஸ்வரர் பக்தர். மனிதன் இறந்தபின் அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக நடந்தாயா என்பதுதான் என்று தல்மூத் சொல்வதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். பக்தி, விசுவாசம் எதையும் அதற்கு முன் கேட்பதில்லை. மனிதர் கணக்குக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“இதைப் பெரிய எழுத்தில் அடித்து வாசலில் ஒட்டுங்கள் தம்பி. விழா மலருக்கு இன்னும் காசு கட்டாத சபைக்காரர் நாளைக்கு வருகிறார்.”