மேற்குக் காற்றுக்கு எதிரே ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆனி மாதத்தில் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். போகும்போது காற்று முகத்தில் அறையும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். மலையைத் தாண்டி வருகிற இந்த மேற்குக் காற்றை வைத்துத்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் திட்டமிடுகிறோம். வெயில் ஏறுவதற்குள் எதிர்காற்றில் கல்லிடைக்குறிச்சி வரை போவது, ஆற்றில் நீந்துவது, கால்வாய்க் கரையில் ஓடுவது, அப்புறம் காற்றோடு வீடு திரும்புவது.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பது. 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் அது ஒலிம்பிக்கில் முதன்முதலாக நுழைந்தது. அந்த அளவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அயர்ன்மேன் என்பது இதன் நீண்ட வடிவம், அதே வரிசையில் 3.8, 180, 42.2 கிலோமீட்டர். பொதுவாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நாங்கள் ஒலிம்பிக் அளவுக்குப் பயிற்சி எடுப்பவர்கள். போட்டியில் நீச்சல்தான் முதலில் வரும் என்றாலும் இருட்டில் தாமிரபரணியில் இறங்கக் கூடாது என்பதால் எங்கள் பயிற்சியில் சைக்கிள் முந்திக்கொள்கிறது.

காலை நாலரைக்கு வ.உ.சி. மைதானத்தின் முன் கூடுவோம். நான் வங்கியில் வேலை பார்க்கிறவள். மேலப்பாளையத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய், சைக்கிள் கடை அண்ணாச்சி, ஒரு குழந்தை மருத்துவர், கல்லூரியில் படிக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேர், அப்புறம் எங்கள் டீச்சர். டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டிய பார்வையற்றோர் பள்ளியில் படித்து, இன்று அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். அவரும் நானும் ஒரே சைக்கிளில் போகிறோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டேண்டம் அது. முன்னால் நான், பின்னால் அவர். எங்கள் குழுவில் தொடை வலு அதிகம் உள்ளவர் அவர்தான், எதிர்காற்றில் வண்டி நகர்வது பாதிக்குமேல் அவர் மிதியால்.

"இப்படி ஓட்டமும் நீச்சலுமா இருந்தா மனுசங்களோட பழக நேரம் ஏது?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறேன். ரிசப்ஷன்களுக்குப் போவது குறைந்துவிட்டது, செகண்ட் ஷோ சினிமா அடியோடு நின்றுவிட்டது. சில பழைய சினேகிதிகள் விலகிப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இதற்கு முன் என் பழக்கமெல்லாம் என் வயசு, என் வேலை, என் தெரு என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்தது. பிரியாணிக் கடை பாயோடு மூன்று மணி நேரம் பேசிக்கொண்டு போகிற வாய்ப்பு எனக்கு வேறு எப்படிக் கிடைத்திருக்கும்? ரம்ஜான் மாதத்தில் அவர் நோன்பு வைத்திருக்கும்போது எங்கள் பயிற்சி நேரத்தையே சஹர் என்கிற விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறோம். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் முதலில் வந்து நின்றவர்கள் இந்த விடிகாலைக் கூட்டம்தான்.

மேலப்பாளையம் தாண்டி அம்பை சாலையில் ஏறினால் தருவை, முன்னீர்பள்ளம் வரை இருட்டுதான். காற்று அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஒருவர் பின் ஒருவராக நெருங்கி வரிசை கட்டுவோம். முதலில் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவர்களுக்குப் பாரம் குறையும். கொஞ்ச தூரம் இழுத்ததும் முதல் ஆள் ஒதுங்கிப் பின்னால் போவார், அடுத்தவர் முன்னேறுவார். இதை டிராஃப்டிங் என்கிறார்கள். அயர்ன்மேன் மாதிரி நீண்ட போட்டிகளில் இதற்குத் தடை உண்டு, ஒவ்வொருவரும் தன் காற்றைத் தானே சமாளிக்க வேண்டும். பயிற்சியில் நாங்கள் அந்த விதியைப் பார்ப்பதில்லை. மருத்துவர் இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தால் அன்று முழுக்க அவர் வரிசையின் கடைசியில்தான். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கு அந்த இடத்தை விட்டுவிடுவோம்.

"யக்கா, இடது பக்கம் பனை வந்துட்டு பாருங்க. இனி வெட்டவெளி, காத்து கூடும்" என்று டீச்சர் பின்னாலிருந்து சொல்வார். ஓலைச் சத்தத்தை வைத்து அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். கியரை மாற்றிக்கொள்வேன்.

பத்தமடை வரும்போது பின்னால் கிழக்கு வெளுக்கும். அங்கேதான் டீ. பாய் போட்டு உட்காரச் சொல்கிற ஊரல்லவா, அந்தக் கடையிலும் வாசலில் கோரைப் பாய் விரித்திருக்கும். கடைக்கார அம்மா எங்களுக்காகவே டீயில் சீனி குறைத்துப் போடப் பழகிவிட்டார். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டியதும் பொதிகை மலை முழுசாகத் தெரியும், உச்சியில் மட்டும் மேகம் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து கல்லிடைக்குறிச்சி பக்கம்தான்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீச்சல் குளத்தில் பழகியவர்களுக்கு ஆறு வேறு. அடியில் கறுப்புக் கோடு கிடையாது, சுவர் கிடையாது. நாலைந்து கை வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ மண்டபத்தையோ குறி பார்த்துக்கொள்ள வேண்டும். பாபநாசம் அணையிலிருந்து கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் நீரோட்டம் பலமாக இருக்கும். எதிர்நீச்சலில் முழு வேகத்தில் கை போட்டாலும் கரையில் இருக்கும் கல் நகராமல் அப்படியே நிற்கும். அதைவிட நல்ல பயிற்சி எந்தக் குளத்திலும் கிடைக்காது என்பது என் கருத்து. டீச்சரும் நானும் தொடையில் ஒரு ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நீந்துவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா டிரையத்லான் விதியும் அதுதான். வழிகாட்டி அதே நாட்டவராக, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்ணாக இருக்க வேண்டும். நீச்சலிலும் ஓட்டத்திலும் கயிறு, நடுவில் டேண்டம். 2016 ரியோவில் அது பாராலிம்பிக்கில் சேர்ந்தது. டீச்சர்தான் அந்தச் செய்தியை எனக்குச் சொல்லி, "நாமளும் கட்டிப் பாப்போமா?" என்று கேட்டார்.

படித்துறையில் துணி துவைக்க வரும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நாங்கள் இறங்கும்முன் அவரிடம் கேட்காமல் இறங்குவதில்லை.

"ஏ பிள்ள, அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போவாத. அங்க ஆழமா கசம் கெடக்கு. வெள்ளத்துக்குப் பெறவு ஆத்துப் போக்கே மாறிட்டு."

ஒருநாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவரே தண்ணீரில் இறங்கிக் காட்டினார். தலை நனையாமல், சத்தமில்லாமல், ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்ந்து போய் எதிர்ப்பக்கத்துப் பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். ஓட்டத்தோடு சண்டை போடாமல் சாய்வாகக் கடக்கும் அந்த வித்தையை நான் அவரிடம்தான் கற்றேன். எனக்கு ஊக்கம் தந்தவர்கள் யார் என்று யாராவது கேட்டால் முதலில் அந்த ஆச்சியைத்தான் சொல்வேன்.

ஈரம் காயும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து எள்ளுருண்டையும் உடன்குடிக் கருப்பட்டியும் தின்போம். அந்த அரை மணி நேரம் கதை நேரம். அயர்ன்மேன் பிறந்த கதையைப் பாய் அழகாகச் சொல்வார். ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்ற கணவன் மனைவி. ஹவாயில் நீச்சல்காரர்கள் பெரியவர்களா, ஓட்டக்காரர்களா, சைக்கிள்காரர்களா என்று எழுந்த பேச்சில், அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நீச்சல், ஓட்டப் பந்தயங்களோடு தீவைச் சுற்றும் சைக்கிள் பாதையையும் சேர்த்து 1978இல் ஒரே நாள் போட்டியாக்கினார்கள். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். அடுத்த ஆண்டே லின் லெமேர் என்ற பெண் கலந்துகொண்டு மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார்.

கல்லூரிப் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஜூலி மாஸ் கதையை. 1982 பிப்ரவரி. மாணவியான அவர் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கால்கள் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். இன்னொரு பெண் அவரைத் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். ஜூலி கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 வினாடி. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பிறகுதான் உலகம் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தது.

என் மனசுக்கு நெருக்கமானவர் மடோனா புடர் என்ற கன்னியாஸ்திரி. 48 வயதில் ஓடத் தொடங்கி, 2012இல் 82 வயதில் கனடாவில் ஒரு முழு அயர்ன்மேனை முடித்தவர். கன்னியர் மடங்களும் பள்ளிகளும் நிறைந்த பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்கு அந்த வெள்ளைத் தலையை ஏற்கெனவே தெரியும் என்றே தோன்றும். பள்ளியில் எங்களைக் கபடி ஆடவைத்து, வியர்வையோடு வகுப்புக்குள் வந்தாலும் திட்டாத ஒரு சிஸ்டர் இருந்தார். இந்தச் செய்தியை அச்செடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்துவிட்டு, தன் ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

சின்ன வயதில் நம் எல்லோருக்கும் குற்றாலீஸ்வரன் இருந்தார். 1994இல் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்து, அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தவர். அப்போது ஊரில் பெண் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்ப வீடுகளில் தயங்குவார்கள். செய்தித்தாளில் வந்த அந்தப் பையன் படத்தைக் காட்டித்தான் என் அப்பா என்னைத் தாமிரபரணியின் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போக அம்மாவிடம் சம்மதம் வாங்கினார்.

குறுக்குத்துறை என்றதும் வெள்ளம் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆற்றுக்கு நடுவிலிருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்குவது புதிதல்ல, உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போவது வழக்கம்தான். ஆனால் அந்த முறை ஆறு தெருக்களுக்குள் வந்தது. மின்சாரம் இல்லை. பயிற்சி நேரம் குறித்துப் பேசிக்கொள்ளும் எங்கள் வாட்ஸப் குழுவில், யார் வீட்டில் குழந்தைக்குப் பால் இல்லை, யாருக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது என்ற தகவல்கள் வரத் தொடங்கின. மருத்துவர் மருந்துப் பட்டியல் போட்டார். பாய் கடை அடுப்பை அணைக்கவேயில்லை. தண்ணீர் வடிந்த தெருக்களில் பைக்குகள் சேற்றில் நின்றுபோனபோது, சைக்கிளைத் தோளில் தூக்கிச் சேற்றைத் தாண்டிவைத்து மறுபடி மிதிக்க எங்களால் முடிந்தது. அண்ணாச்சியின் கடைக்குள் இடுப்பளவு வண்டல். செயின், பேரிங், டியூப் என்று ஒவ்வொன்றாகக் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்தோம். டீச்சர் தரையில் உட்கார்ந்து, கலந்து கிடந்த நட்டுகளையும் போல்ட்டுகளையும் விரலால் தடவியே அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டார். எங்களில் வேறு யாருக்கும் அந்த வேகம் வரவில்லை. அதற்கு முன் நாங்கள் சேர்ந்து பயிற்சி செய்கிறவர்களாக இருந்தோம், அவ்வளவுதான். அண்ணாச்சி அன்றிலிருந்து எங்கள் யாரிடமும் பங்சருக்குக் காசு வாங்குவதில்லை. நாங்கள் வற்புறுத்தினால் கோபப்படுகிறார்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். வீரவநல்லூர் பக்கம் திரும்பி கன்னடியன் கால்வாய்க் கரையில் இறங்குவோம். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் பத்து நிமிடம் கால்கள் நம்முடையவை போலவே இருக்காது, தொடை கல்லாகக் கனக்கும். அடி சின்னதாக வைத்து, வேகத்தைப் பார்க்காமல் ஓடினால் தானாகச் சரியாகிவிடும். கரைக்குக் கீழே கார் நடவு நடந்துகொண்டிருந்தது. டீச்சரும் நானும் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து நடவுப் பெண்களில் ஒருவர் நிமிர்ந்து, "கயித்த எதுக்குட்டி கெட்டிருக்கிய?" என்று கேட்டார். டீச்சரே நின்று விளக்கினார். கேட்டுவிட்டு அந்த அம்மா, "அப்பம் அந்தப் பாலத்துக்கிட்ட கரை உடைஞ்சு கெடக்கு, வலப்பக்கமா போங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து நாற்றை எடுத்தார். குனிந்தபடி நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற அவர்கள் முன்னால் நான் களைப்பு என்று முகம் சுளிப்பதில்லை.

திரும்பும் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காற்று தள்ளியது, வந்துவிட்டோம். பாய் கடையில் சாப்பிடும்போதுதான் உவரிக் கடற்கரைப் பேச்சு எழுந்தது. ஆற்றில் பழகியாயிற்று, கடலில் இறங்க வேண்டும். போன மாதம் உவரிக்குப் போயிருந்தபோது அந்தோணியார் கோயில் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவ அண்ணனிடம் கேட்டிருந்தோம். அலையைக் காட்டி, "இப்பம் கச்சான் காத்துல்லா, கடல் அடிக்கும். மாசி பெறக்கட்டும்" என்றார். டீச்சர் கயிற்றைக் காட்டி, இரண்டு பேரும் இதைக் கட்டிக்கொண்டுதான் நீந்துவோம், சரிவருமா என்று கேட்டார். அவர் கயிற்றை வாங்கி இழுத்துப் பார்த்தார். "கயிறு நல்லாத்தான் இருக்கு. நீங்க கரைப்பக்கமா வாங்க, நான் கடல்பக்கமா வள்ளத்துல கூட வாரேன். ஆனா ஞாயித்துக்கெழம வரணும். அன்னைக்குத்தான் நாங்க தொழிலுக்குப் போவ மாட்டோம். பூசை முடிஞ்சதும் எறக்குதேன்."

மாசியில் பொதுத்தேர்வுப் பணி தொடங்குமுன் எந்த ஞாயிறு ஒழியும் என்று டீச்சர் பள்ளியில் கேட்டுச் சொல்வதாக இருக்கிறார். பாய் சமையல் பாத்திரங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்.