அனல்மின் நிலையக் கருவிக் கண்காணிப்பில் புள்ளியியல்: எந்த வரிசையில் படிக்கலாம்?

இந்தத் தேர்வுத் தாளுக்குப் படிப்பவர்கள் பலர் நேராக முதன்மைக் கூறு பகுப்பாய்வில் (பல மாறிகளை அவற்றின் உறவைக் கொண்டு சில கூறுகளாகச் சுருக்கும் முறை) இறங்கிவிடுகிறார்கள். நான், புள்ளியியலாளர் ஷூவார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்திலிருந்து (அளவீடுகளைக் கால வரிசையில் இட்டு, எல்லையைத் தாண்டுகின்றனவா என்று பார்ப்பது) தொடங்கி, அதன் எண்களைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தேன். இயல்நிலைப் பரவலில் மூன்று திட்டவிலக்க எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 0.27 விழுக்காடுதான்; ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் 500 சென்சார்களுக்கு இதையே பொருத்தினால், பழுதே இல்லாதபோதும் நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அலாரம் ஒலிக்கும். அப்படிப்பட்ட அலாரத்தைக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மெல்ல வளரும் பழுதுக்குப் பேஜ் 1954-இல் தந்த கியூசம் முறை (சிறு விலகல்களைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே பார்ப்பது) பொருந்தும். சராசரி ஒரு திட்டவிலக்கம் நகர்ந்தால், அதைக் கண்டுபிடிக்க ஷூவார்ட் வரைபடத்துக்குச் சராசரியாக 44 அளவீடுகள் தேவைப்படும். கியூசத்துக்கு ஏறத்தாழ 10 போதும். இரண்டு கணக்குகளுமே அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கின்றன. டர்பைன் உலோக வெப்பநிலை அப்படி நடந்துகொள்வதில்லை என்பதை விடையில் எழுதத் தவறக் கூடாது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது லோடு (யூனிட் தரும் மின்உற்பத்தி அளவு) மாற்றத்துக்குத்தான். லோடு 60 விழுக்காட்டிலிருந்து 100-க்கு ஏறும்போது ஊட்டுநீர் பம்பின் பேரிங் சூடாவது பழுதல்ல. பம்பின் வேகம், மசகு எண்ணெய் வெப்பநிலை, லோடு ஆகியவற்றைக் கொண்டு பேரிங் வெப்பநிலையை மதிப்பிட்டு, அளந்த மதிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டையே வரைபடத்தில் இட வேண்டும். மதிப்பீட்டுச் சமன்பாட்டை உருவாக்கும் தரவில் யூனிட்டை இயக்கத் தொடங்கிய, நிறுத்திய நேரங்கள் கலந்திருந்தால், எல்லைகள் வீங்கி உண்மையான பழுதும் உள்ளே அடங்கிவிடும்.

இவை பிடிபட்ட பின் முதன்மைக் கூறு பகுப்பாய்வு போன்ற பலமாறி முறைகள் எளிதாகவே வந்தன. ஹோட்டலிங்கின் டி-வர்க்கம் (எல்லா மாறிகளும் சேர்ந்து வழக்கமான மையத்திலிருந்து எவ்வளவு விலகின என்பதன் அளவு), மாறிகளின் உறவு குலையாமல் இயக்கநிலை மட்டும் வெகுதூரம் விலகினாலும் உயரும். எச்சப் பிழையின் வர்க்கம் (வழக்கமான உறவால் விளக்க முடியாமல் மிஞ்சுவதன் அளவு) அந்த உறவே குலையும்போது உயரும். பாய்லர் குழாய்க் கசிவில், லோடு மாறாதபோதே மேக்கப் நீரும் (இழப்பை ஈடுசெய்யச் சேர்க்கும் நீர்) ஐடி ஃபேன் (புகைவாயுவை வெளியே இழுக்கும் விசிறி) மின்னோட்டமும் சிறிது சிறிதாகக் கூடும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் எல்லைக்குள்ளேயே இருக்கலாம். எச்சப் பிழை உயர்ந்ததும் கசிவு என்று முடிவுகட்டிவிட முடியாது, ஒற்றைச் சென்சார் பழுதானாலும் அது உயரும். இரண்டு அளவீடுகளும் சேர்ந்தே நகர்ந்தனவா என்பதைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.