ஆறாவது தந்தி: 48 வயதில் கிட்டார் கிரேடு தேர்வுக்குப் போன கதை

எனக்குக் கிட்டார் கிடைத்தது 14 வயதில். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், வேலை கிடைத்து வெளியூர் கிளம்பும்போது "நீயே வெச்சுக்கோடா" என்று கொடுத்துவிட்டுப் போனார். ஆறாவது தந்தியை, அதாவது இருப்பதிலேயே தடித்த, கனத்த ஒலி தருகிற தந்தியை, முறுக்கும் கீ அதில் உடைந்திருந்தது. புதிதாக மாற்றலாம் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் ஐந்து தந்தியோடுதான் வாசித்தேன். சி, டி, ஏ மைனர் எல்லாம் ஆறாவது தந்தியின் தயவு இல்லாமலே ஒலிக்கிற கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது), அதனால் குறை தெரியவில்லை. ஜி கார்டு மட்டும் சோகை பிடித்ததுபோல் கேட்கும். என் விரலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வேன்.

34 வருடம் கழித்து கிளாசிக்கல் கிட்டாரில் 5-ஆம் கிரேடுக்குப் (இசைத் தேர்வின் படிநிலை, 8 வரை உண்டு) படிக்க உட்கார்ந்தேன். முதல் வகுப்பில் பத்து நிமிடம் வாசிக்கக் கேட்டுவிட்டு மாஸ்டர் (என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனாலும் மாஸ்டர்தான்) ஒரு கேள்வி கேட்டார். "சார், உங்க வலது கை கட்டைவிரல் ஆறாவது தந்திக்குப் போகும்போது மட்டும் ஒரு நொடி தயங்குதே, ஏன்?"

என்னிடம் உடனே பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்த உடைந்த கீ நினைவுக்கு வந்தது.

புதிதாகக் கிட்டார் தொடுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்களை ஒழுங்காக வழிநடத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பல வருடம் காதால் கேட்டு வாசித்து, நண்பர்கள் கூட்டத்தில் பேரும் வாங்கி, ஒருநாள் திடீரென்று "தேர்வு எழுதிப் பார்த்தால் என்ன" என்று தோன்றுகிற ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நமக்குப் புதிதாகக் கற்றுக்கொள்வது பாதி வேலை. பழகிப்போனதைக் கையிலிருந்து கழற்றுவது மீதிப் பாதி, அதுவே கடினமான பாதி.

எந்தக் கிரேடு என்பதில் முதலில் கொஞ்சம் மானம் போகும், தயாராக இருங்கள். எனக்கு 8-ஆம் கிரேடு தகுதி இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் 3 என்றார். பேரம் பேசி 5-க்கு வந்தோம். நான் எழுதியது டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வு. இதற்கு வயது வரம்பு கிடையாது. கீழ் கிரேடுகளை வரிசையாக எழுதியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு வாரியம் இருக்கிறது. அதில் 5-ஆம் கிரேடுக்கு மேலே போக 5-ஆம் கிரேடு தியரியோ (இசை இலக்கணம்) அதற்கு ஈடான ஒன்றோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. தியரி என்றால் ஓடுகிற ஜாதி நான், எனவே தேர்வு வாரியத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மதிப்பெண் 100-க்கு. மூன்று இசைத்துண்டுகளுக்கு தலா 22, ஸ்கேல் (ஸ்வர வரிசை) முதலான டெக்னிக்கல் பகுதிக்கு 14, துணைத் தேர்வுகள் இரண்டுக்கும் தலா 10. 60 எடுத்தால் பாஸ், 75-க்கு மெரிட், 87-க்கு டிஸ்டிங்ஷன். ஒவ்வொரு துண்டின் 22-ஐயும் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: தடையில்லாமல் சரியாக வாசித்ததற்கு 7, கைத்திறனுக்கு 7, இசையாக அதைக் கொண்டுசேர்த்ததற்கு 8. இந்தக் கடைசி 8-ஐ வைத்துத்தான் மாஸ்டர் என்னைச் சமாதானப்படுத்துவார். "அது உங்ககிட்ட இருக்கு சார். மத்த 14-தான் பிரச்சினை."

முதல் இரண்டு மாதம் தேர்வுப் பாடத்தைத் தொடவே விடவில்லை. கைதான் பாடம். அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்று விரல் வாசிப்பு. இடது கைச் சுண்டுவிரல் 34 வருடமாகச் சும்மா நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கிளாசிக்கல் முறையில் ஒரு ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரிந்த கட்டம்) ஒரு விரல் என்று நான்கு ஃப்ரெட்டை நான்கு விரல் காக்க வேண்டும். அடுத்தது இடது கைக் கட்டைவிரல். ஸ்டீல் தந்திக் கிட்டாரின் கழுத்து மேல்முனையில் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர் அகலம்தான், கட்டைவிரலை மேலே சுற்றிப் போட்டு சொகுசாகப் பிடிக்கலாம். கிளாசிக்கல் கிட்டாரில் அதே இடம் சுமார் 52 மில்லிமீட்டர். கட்டைவிரலை மேலே சுற்றினால் மற்ற விரல்கள் தடித்த தந்திகளுக்குச் சரியாக எட்டாது. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டதும் புரிந்துவிடும். கைக்குப் புரிய வாரங்கள் ஆகும். பிடித்த பாட்டை வாசிக்க ஆரம்பித்தால் கட்டைவிரல் தானாக மேலே ஏறிவிடும். அதனால் பழைய பாட்டுகள் அத்தனையையும் ஆறு வாரம் ஒதுக்கி வைத்தேன். அது கொஞ்சம் துக்கமாகவே இருந்தது. ஆனால் பழைய பாட்டில் புதிய பழக்கம் ஒட்டாது. புதிய பழக்கம் வேண்டுமானால் கைக்கு முன்பின் தெரியாத ஒன்றை வாசியுங்கள். வலது கைக்கு ஜூலியானி என்ற கிட்டார் மேதையின் 120 ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) பயிற்சிகள் இதற்கு ஏற்றவை. 200 வருடத்துக்கு முந்தியவை. இடது கைக்கு சி, ஜி7 என்ற இரண்டே கார்டுகள்தான், கவனம் முழுக்க வலது கையில் இருக்கும். தினம் மூன்று பயிற்சி, ஆறாவது தந்தி வருகிறவையாகப் பார்த்து எடுத்தேன்.

அப்புறம் நோட்டேஷன், அதாவது தாளில் புள்ளிகளாக எழுதிய இசையைப் படிப்பது. காதால் வாசிப்பவர்கள் மிரள்வது இங்கேதான், மிரள நியாயமும் இருக்கிறது. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டை. கிட்டாரில் முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வருகிற அதே ஈ, இரண்டாவது தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது, மூன்றாவதின் 9-இலும், நான்காவதின் 14-இலும், ஐந்தாவதின் 19-இலும் இருக்கிறது. தாளில் ஒரு புள்ளி, கழுத்தில் ஐந்து இடம். எதை எடுப்பது என்பது அடுத்து என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. எனவே "இந்தப் புள்ளி எங்கே" என்று ஒவ்வொன்றாகத் தேடினால் வாழ்நாளில் முடியாது. கை எந்தப் பொசிஷனில் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யப் பழக வேண்டும்.

எனக்கு உதவியது ஒரு மந்தமான வழி. வாரத்துக்கு ஒரு தந்தி. அந்தத் தந்தியில் 12-ஆம் ஃப்ரெட் வரை ஸ்வரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லியே வாசிப்பது. ஆறு வாரத்தில் கழுத்து முழுக்கப் பேர் வந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்வது முக்கியம். மனதுக்குள் சொன்னால் நாம் நம்மையே ஏமாற்றிவிடுவோம். வீட்டில் "என்னங்க, யாரோட பேசறீங்க?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இனி, இதில் நான் பட்ட உண்மையான பாடு. ஏழாவது மாதம் மூன்று துண்டுகளும் மனப்பாடம். மாஸ்டர் போனில் பதிவு செய்து கேட்கச் சொன்னார். இரண்டு நிமிடத் துண்டு ஒன்றில் 11 இடத்தில் நின்றிருந்தேன். வாசிக்கும்போது எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை! தப்பு வந்தால் அரை நொடி நின்று, அந்த இடத்தைச் சரியாகத் திரும்ப வாசித்துவிட்டுப் போவது என் பழக்கம். அறைக்குள் தனியாக வாசிக்கிற எல்லோருக்கும் இது இருக்கும். வருடக்கணக்கில் தப்பையும் திருத்தத்தையும் சேர்த்தே பயிற்சி செய்திருக்கிறோம். தேர்வில் ஒரு தப்பு ஸ்வரம் போய்விட்டால் சின்ன நஷ்டம். நின்று திரும்பினால் தாளமே உடைகிறது, கேட்பவர் கவனமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

இதற்கு இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, நாளின் கடைசிப் பத்து நிமிடம் "நிற்காத நேரம்". மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஓடும். என்ன தப்பு வந்தாலும் பின்னால் போகக் கூடாது, கை தொலைந்துபோனால் அடுத்த தாளக்கட்டில் போய் ஏறிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு துண்டிலும் எட்டு இடத்துக்கு ஏ முதல் எச் வரை பேர் வைத்து, சீட்டு எழுதி, மகளை ஒன்று எடுக்கச் சொல்வேன். "எஃப்" என்றால் எஃப்-இலிருந்து வாசிக்க வேண்டும். முதல் நாள் எட்டில் மூன்று இடத்திலிருந்துதான் தொடங்க முடிந்தது. மனப்பாடம் என்று நான் நினைத்தது வெறும் விரல் சங்கிலி. முதல் கண்ணியிலிருந்து இழுத்தால் மட்டும் வரும், நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். சீட்டு எடுப்பதில் மகளுக்கு அலுப்பே வரவில்லை, அப்பாவைத் திணற வைக்கிற வாய்ப்பை யார் விடுவார்கள்!

ஒன்பது மாதமும் மூன்றே துண்டுகளைத் தேய்க்காதீர்கள். தேர்வுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாவது கையில் இருக்கட்டும். எட்டாவது மாதம் எனக்குக் கிட்டாரைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. 34 வருடத்தில் அப்படி வந்ததே இல்லை. நல்லவேளை, அதற்குள் பழைய பாட்டுகளுக்குத் தடை நீங்கியிருந்தது.

தந்தி மாற்றுவதில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். புதுத் தந்தியின் பளிச்சென்ற ஒலி வேண்டும் என்று தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மாற்றினேன். கிளாசிக்கல் கிட்டாரின் நைலான் தந்தி இழுபட்டு நிலைக்கு வரச் சில நாள் ஆகும். அதுவரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் முன்பே மாற்றிவிடுங்கள். வலது கை நகத்தையும் கடைசி நேரத்தில் புதிதாக ராவாதீர்கள். நகத்தின் வடிவம் மாறினால் ஒலியும் மாறும்.

தேர்வு அறையில் ஒரே ஒரு தேர்வாளர், ஒரு மேசை, ஒரு நாற்காலி. மொத்தமே 20 நிமிடத்துக்குள் முடிகிற விஷயம். எந்தப் பகுதியை முதலில் வாசிப்பது என்பது நம் விருப்பம். ஸ்கேலில் தொடங்கினேன். கை நடுங்கினாலும் ஸ்கேல் ஓரளவு தாங்கும். இரண்டாவது துண்டின் நடுவில் மூளை வெள்ளைத்தாள் ஆனது. அடுத்து எங்கே என்றே தெரியவில்லை. விரல் தானாக "டி" சீட்டு இடத்துக்குத் தாவியது. இரண்டு தாளக்கட்டு காணாமல் போயிருக்கும். தேர்வாளர் தலை நிமிரவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

5-ஆம் கிரேடு வரை துணைத் தேர்வில் சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத தாளைப் பார்த்ததும் வாசிப்பது), காதால் கேட்டுச் சொல்வது, இம்ப்ரவைசேஷன் (அங்கேயே கற்பனையாக வாசிப்பது), இசை அறிவு என்ற நான்கில் இரண்டை நாமே எடுக்கலாம். 6-இலிருந்து சைட் ரீடிங் கட்டாயம். எப்படியும் வரப்போகிறதே என்று இப்போதே அதை எடுத்தேன். பார்க்க அரை நிமிடம் தருவார்கள், அதற்குள் வாசித்தும் பார்க்கலாம். அந்த அரை நிமிடம் முழுக்க முதல் வரியையே வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரியில் ஒரு உயர ஸ்வரம் காத்திருந்தது, கை தப்பான பொசிஷனில் நின்றிருந்தது. முதலில் கண்ணால் கடைசி வரை ஓடி, கீ சிக்னேச்சர் (எந்த ஸ்வரங்கள் அரைப்படி ஏறும் இறங்கும் என்று வரியின் தொடக்கத்தில் உள்ள குறி), தாளம், இருப்பதிலேயே உயர்ந்த ஸ்வரம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தந்தியைத் தொட வேண்டும். இம்ப்ரவைசேஷனில் மட்டும் 34 வருடமும் எனக்காக வந்து நின்றது. யாரோ பாட, பாட்டே தெரியாமல் பின்னால் வாசித்த ராத்திரிகள் எத்தனை!

முடிவு வந்தது: துண்டுகளுக்கு 18, 17, 19, டெக்னிக்கல் 12, சைட் ரீடிங் 5, இம்ப்ரவைசேஷன் 9. மொத்தம் 80, மெரிட். 17 வாங்கியது நான் தொலைந்துபோன அந்தத் துண்டுதான். 22-க்கு 17! நின்றிருந்தால் கதை வேறு. மூன்றாவது துண்டுக்குப் பக்கத்தில் தேர்வாளர், கனத்த ஒலி தருகிற தடித்த தந்திகளின் நடை உறுதியாக இருந்தது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பல தடவை படித்தேன்.

அன்று ராத்திரி அண்ணனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். உடைந்த கீ, தயங்குகிற கட்டைவிரல், மாஸ்டர் கண்டுபிடித்தது என்று எல்லாக் கதையும் சொன்னேன். "நீங்க உடைச்ச கீயால எனக்கு ஒன்பது மாசம் வேலைண்ணா."

மறுமுனையில் சிரிப்பு. "நான் எங்கடா உடைச்சேன்? எனக்கு அது வரும்போதே அப்படித்தான். நானும் அஞ்சு தந்தியிலதான் வாசிச்சேன்."

அவர் சொல்லிக்கொடுத்த கார்டுகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். சி, டி, ஏ, ஏ மைனர், டி மைனர். ஜி மட்டும் நானாகத் தேடிப் பிடித்தது.