பிலடெல்பியாவின் நீலக் கார்

பிலடெல்பியாவுக்குப் போகிறவர்கள் சுதந்திர மணியின் விரிசலைப் பார்த்து, சீஸ்ஸ்டீக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் போனது விமான நிலையத்துக்கு அருகில் இருக்கும் சிமியோன் கார் அருங்காட்சியகத்துக்கு. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ கிடங்கு மாதிரிதான் இருக்கிறது. உள்ளே எல்லாமே பந்தயக் கார்கள். நான் தேடி வந்தது ஒன்றைத்தான்: ஷெல்பி டேட்டோனா கூபே என்ற மூடிய கூரைப் பந்தயக் கார், சேஸிஸ் (அடிச்சட்டகம்) எண் சிஎஸ்எக்ஸ்2287.

அமெரிக்கப் பந்தய ஓட்டுநராக இருந்து கார் தயாரிப்பாளரான கரோல் ஷெல்பியின் கோப்ரா என்ற பந்தயக் காரில் ஃபோர்டின் 4.7 லிட்டர் வி8 இன்ஜின். வலுவுக்குக் குறையே இல்லை. ஆனால் மேற்கூரை இல்லாத கார் அது. பிரான்சின் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் லெ மானின் நீண்ட நேர்சாலையில் 250 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் காற்றே சுவராகிவிடும். போட்டிக் காரான ஃபெராரி ஜிடிஓ வழுக்கிக்கொண்டு போய்விடும். அதற்குப் பீட்டர் பிராக் என்ற இளைஞர் கண்ட வழிதான் இந்தக் கூபே. சேஸிஸ் பழசு, உடல் மட்டும் புதுசு. விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. பின்பக்கத்தைக் கூராக நீட்டாமல் வெட்டிவிட்டதுபோல முடித்திருக்கிறார். ஷெல்பியின் ஆட்களிலேயே பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. அணியின் ஓட்டுநர் கென் மைல்ஸ் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாயடைத்தார்கள்.

மொத்தம் ஆறு கார்கள். கலிபோர்னியாவிலேயே முழுக்க உருவானது இது மட்டும்தான். மற்ற ஐந்துக்கும் உடல் கட்டியது இத்தாலியின் மொடெனாவில், அதாவது ஃபெராரியின் சொந்த ஊர்ப்பக்கம்! இந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

1964இல் ஃபுளோரிடாவின் டேட்டோனா பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது பிட்டில் (நடுவில் எரிபொருள் நிரப்ப நிறுத்தும் இடம்) தீப்பிடித்து இந்தக் கார் வெளியேறியது. அடுத்த மாதமே செப்ரிங் பந்தயத்தில் ஜிடி (கிராண்ட் டூரிங் கார்கள்) பிரிவை வென்றது. லெ மானில் வெளி பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்ததற்காகத் தகுதி நீக்கம். அங்கே ஜிடி பிரிவை வென்றது டான் கர்னியும் பாப் பாண்டுரண்டும் ஓட்டிய இன்னொரு கூபே. 1965இல் ஜிடி உலகப் பட்டமே ஷெல்பி அணிக்கு வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பந்தயக் காலம் முடிந்ததும் இதற்கு மதிப்பே இல்லை. கைமாறிக் கைமாறி இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் போய், அவர் இதைத் தெருவில் ஓட்டியிருக்கிறார்! பிறகு அவருடைய மெய்க்காவலரிடம். கடைசியில் கலிபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கில் பல வருடங்கள் பூட்டிக் கிடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் டாக்டர் ஃப்ரெட் சிமியோனிடம் வந்து சேர்ந்தது.

சிமியோன் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தவர். ஆனால் இந்தக் காரின் மேல் கத்தி வைக்கவில்லை. மங்கிய நீலம், உரிந்த பெயிண்ட், கீறல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பளபளவென்று புதுப்பித்த கார்களைப் பார்த்துச் சலித்த எனக்கு இதுதான் சரி என்று பட்டது. 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் காராகச் சேர்ந்ததும் இதுவே.

போகிறவர்கள் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். சில சனிக்கிழமைகளில் பின்புற மைதானத்தில் கார்களை உண்மையிலேயே ஓட்டிக் காட்டுகிறார்கள்.