பிஎச்.டி. இன்டர்வியூவுக்கு நான் படித்தது ஒரே ஒரு லேப்பைத்தான்

நேற்று மாலை லிஸ்ட் வந்தது. வெயிட்டிங் லிஸ்டில் இல்லை, மெயின் லிஸ்டிலேயே பெயர் இருக்கிறது. இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நெட், ஜே.ஆர்.எஃப். என்ற தகுதி, ஃபெல்லோஷிப் தேர்வுகள் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. இது அதற்கு அப்புறம் வரும் பிஎச்.டி. இன்டர்வியூ பற்றியது. அதிலும் இதயநோய், லிப்பிட், ரத்தநாளம் என்று போக நினைப்பவர்களுக்கு. இதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் என் கல்லூரியின் பெயரைக் கேட்டார்கள், பி.எஸ்சி. மார்க்கைக் கேட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனியர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: பேனலில் இருப்பவர்களின் லேட்டஸ்ட் பேப்பர்களைப் படி, ரிவ்யூ பத்து படி. நான் அதைச் செய்யவில்லை. ஒரு லேப்பை எடுத்துக்கொண்டு, அது தொடங்கிய நாளிலிருந்து யார் வந்தார்கள், யார் எந்தக் கேள்வியைப் பிடித்தார்கள், யார் கையில் எந்த டெக்னிக் இருந்தது என்று படித்தேன். ஆட்களை வைத்துத்தான் எனக்கு எதுவும் மண்டையில் நிற்கும். பாத்வே சார்ட்டைச் சுவரில் ஒட்டிப் படிக்கிறவர்களுக்கு இது சுற்றுவழியாகத் தெரியலாம்.

நான் எடுத்தது டல்லாஸில் இருக்கும் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் லேப். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகளைச் செல்லுக்குள் இழுக்கும் எல்.டி.எல். ரிசெப்டர், 1985 நோபல். "இதெல்லாம் எம்.எஸ்சி. பாடத்திலேயே வந்ததுதானே" என்பீர்கள். பாடத்தில் வந்தது முடிவு மட்டும். பேனல் கேட்டது அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை.

இரண்டு பேரும் 1966இல் பாஸ்டனில் ஒரே மருத்துவமனையில் பயிற்சி டாக்டர்களாகச் சேர்ந்து நண்பர்களானவர்கள். 1968இல் இருவருமே பெதஸ்டாவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குப் போனார்கள். கோல்ட்ஸ்டீன் மார்ஷல் நிரென்பெர்கிடம் மூலக்கூறு உயிரியல் கற்றார், பிரவுன் ஏர்ல் ஸ்டாட்மனிடம் என்சைம் வேலை கற்றார். டொனால்ட் ஃப்ரெட்ரிக்சனின் நோயாளிகளாக இருந்த, பள்ளி வயதிலேயே இதயநோய் வந்த ஹோமோசைகஸ் எஃப்.எச். (பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோய்; ஹோமோசைகஸ் என்றால் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தவர்கள்) குழந்தைகளை கோல்ட்ஸ்டீன் பார்த்ததும் அங்கேதான். அவரை டல்லாஸுக்குத் திரும்ப இழுத்தவர் அங்கே மருத்துவத் துறைத் தலைவராக இருந்த டொனால்ட் செல்டின். மாணவனாக இருந்தபோதே, "போய் மரபியல் கற்றுக்கொண்டு வா, இங்கே ஒரு பிரிவையே உன்னிடம் தருகிறேன்" என்கிற மாதிரி சொல்லி அனுப்பியவர். கோல்ட்ஸ்டீன் சியாட்டிலில் ஆர்னோ மோட்டுல்ஸ்கியிடம் மாரடைப்பில் பிழைத்தவர்களின் குடும்பங்களை ஆராய்ந்துவிட்டு 1972இல் வந்தார். பிரவுன் ஒரு வருடம் முன்பே டல்லாஸ் வந்துவிட்டார். ஒருவர் என்சைம், ஒருவர் மரபியல். இது மனதில் பதிந்துவிட்டால் அவர்களின் முதல் பரிசோதனையை நீங்களே யோசித்துவிடலாம்.

பேனல் கேட்ட முதல் உருப்படியான கேள்வி: "குறை என்சைமில் இல்லை, ரிசெப்டரில்தான் என்று எப்படிச் சொன்னார்கள்?"

போர்டில் போட்டுக் காட்டினேன். தோலில் எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். மீடியத்திலிருந்து லிப்போபுரோட்டீனை எடுத்தால் செல் தானே கொலஸ்ட்ரால் செய்யப் பயன்படுத்தும் எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ் என்சைம் ஏறும், எல்.டி.எல். சேர்த்தால் இறங்கும். எஃப்.எச். செல்லில் எப்போதும் ஏறியே இருக்கும், எல்.டி.எல். சேர்த்தாலும் இறங்காது. இதைப் பார்த்தால் யாருக்கும் ரிடக்டேஸ் மேல்தான் சந்தேகம் வரும், அவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் வெறும் கொலஸ்ட்ராலை எத்தனாலில் கரைத்து விட்டபோது எஃப்.எச். செல்லிலும் ரிடக்டேஸ் இறங்கியது. அப்படியென்றால் என்சைமும் அதன் கட்டுப்பாடும் சரி. கடிதம் வந்திருக்கிறது, வீட்டுக் கதவுதான் திறக்கவில்லை. அப்புறம் அயோடின்-125 ஏற்றிய எல்.டி.எல்.: சாதாரண செல்லில் ஒட்டியது, ஹோமோசைகஸ் செல்லில் ஒட்டவில்லை. 1973, 1974 பேப்பர்கள். எனக்கு இடம் வாங்கித் தந்தது அந்த எத்தனால் கண்ட்ரோல்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்தது வந்தது: "எல்.டி.எல்.லை எடுப்பது கல்லீரல். இவர்கள் ஏன் தோலைப் பிடித்தார்கள்?" மரபுக்குறை எல்லாச் செல்லிலும் இருக்கும், தோலை நோயாளியிடம் சுலபமாக எடுத்து வளர்க்கலாம், ஃப்ரீஸரில் வைக்கலாம் என்றேன். கூடவே, 1984இல் பிட்ஸ்பர்க்கில் ஆறு வயதுச் சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றினார்கள், ரத்தத்தில் எல்.டி.எல். சுமார் 80 சதவீதம் குறைந்தது, அதை அளந்து எழுதியதில் இந்த லேப்பும் உண்டு என்றேன். அதுவரை ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு சார் அப்போதுதான் பேச ஆரம்பித்தார்.

ஆசிரியர் பட்டியலைப் படியுங்கள், நடுவில் வரும் பெயர்களையும் சேர்த்து. 1973இல் ரிடக்டேஸ் பற்றி வந்த முதல் பேப்பரில் மூன்றே பெயர்கள்: பிரவுன், டேனா, கோல்ட்ஸ்டீன். சுசானா டேனா டெக்னீஷியன். செல் வளர்ப்பு ஓடாமல் இந்த லேப்பில் ஒன்றுமே ஓடியிருக்காது, ஆனால் கோச்சிங் நோட்ஸில் அவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. ரிச்சர்ட் ஆண்டர்சன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்காரர். எல்.டி.எல்.லில் ஃபெரிட்டின் (மைக்ராஸ்கோப்பில் தெரியும் இரும்புப் புரதம்) ஒட்டி, அது கோட்டட் பிட்டில் (செல் மேற்பரப்பில் இருக்கும் சிறு குழியில்) போய்க் குவிவதைக் காட்டினார். வுல்ஃப்காங் ஷ்னைடர் ரிசெப்டரைச் சுத்திகரித்தார். டேவிட் ரஸ்ஸல், டோக்குவோ யமமோட்டோ ரிசெப்டர் ஜீனின் நகலை (சி.டி.என்.ஏ.) குளோன் செய்தவர்கள். அங்கே போஸ்ட்டாக்காக இருந்த தாமஸ் ஸூடோஃப் பின்னால் நரம்புச் செல் பக்கம் போய் 2013இல் தானும் நோபல் வாங்கினார்.

நம் ஊர் ஆட்களும் இருக்கிறார்கள். சந்தீப் பாசு. ரிசெப்டரே இல்லாத நோயாளியின் ரத்தநாளத்திலும் ஃபோம் செல் (கொலஸ்ட்ரால் நிரம்பிய செல்) இருக்கிறதே, கொலஸ்ட்ரால் எந்த வழியாக உள்ளே போனது? அசிட்டைலேற்றம் செய்த எல்.டி.எல்.லை மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல் வேறொரு வழியாக விழுங்குகிறது என்ற 1979 பேப்பரில் அவர் பெயர் இருக்கிறது. பின்னாளில் டெல்லியில் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார்.

ஸ்டேட்டின், அதாவது ரிடக்டேஸை அடைக்கும் கொலஸ்ட்ரால் மருந்து பற்றிய கேள்வி வந்தே தீரும். ஜப்பானின் சாங்க்யோ கம்பெனியில் அகிரா என்டோ பூஞ்சையிலிருந்து எடுத்த காம்பாக்டின், 1987இல் சந்தைக்கு வந்த லோவாஸ்டேட்டின் என்று வரலாறு ஒப்பித்தால் போதாது. ரிடக்டேஸை அடைத்தால் கல்லீரல் செல்லில் கொலஸ்ட்ரால் குறைகிறது, செல் கூடுதலாக ரிசெப்டர் செய்கிறது, ரத்தத்தில் எல்.டி.எல். இறங்குகிறது. உடனே எதிர்க்கேள்வி: ரிசெப்டரே செய்ய முடியாதவருக்கு? பெரிதாகப் பலன் இருக்காது. அங்கிருந்து, எல்.டி.எல். ரிசெப்டரை அழிக்க வைக்கும் பி.சி.எஸ்.கே.9 புரதத்துக்கு நானே போனேன். ஹெலன் ஹாப்ஸ் இதே லேப்பில் பயிற்சி பெற்றவர். ஜோனதன் கோஹனோடு சேர்ந்து டல்லாஸ் ஹார்ட் ஸ்டடியில், பி.சி.எஸ்.கே.9 ஜீன் பழுதாகி, பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாக இருப்பவர்களைத் தேடினார். 2006இல் அப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து எவ்வளவு குறைவு என்று வந்தது, 2015இல் பி.சி.எஸ்.கே.9ஐத் தடுக்கும் ஊசி மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இனி துண்டு துண்டாக:

- நோட்டில் நான்கு கட்டம்: ஆள், கேள்வி, டெக்னிக், கண்ட்ரோல். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பேப்பரை நீங்கள் படிக்கவில்லை.
- அவர்களின் நோபல் உரை நோபல் தளத்தில் இலவசம். முதலில் அதைப் படியுங்கள், ரிவ்யூ அப்புறம்.
- கேட்காமல் கதை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். பேனலுக்கு மதிய சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும்.
- போர்டில் வரைய முடியாத எதையும் வாயால் சொல்ல வேண்டாம்.
- "தெரியாது சார்" என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் துருவுவார்கள்.
- எம்.எஸ்சி. புராஜெக்டுக்கும் இதே நான்கு கட்டம்.
- இங்கிலீஷ் திணறினால் மெதுவாகப் பேசுங்கள், போதும். எனக்கும் திணறியது.
- ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில், நான்-கிரீமிலேயர் என்று, நடப்பு நிதியாண்டுக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். தாலுகா ஆபீஸில் வாங்கிய மாநில பி.சி., எம்.பி.சி. அட்டையை நீட்டினால் வெரிஃபிகேஷனில் நிறுத்திவிடுவார்கள். என் கண் முன்னால் ஒரு தம்பியை நிறுத்தினார்கள்.
- ஃபெல்லோஷிப் பணம் சேர்ந்த முதல் மாதமே கைக்கு வராது. ஹாஸ்டல் டெபாசிட்டுக்கும் மெஸ்ஸுக்கும் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.